சக்கையில் உறங்கும் சக்தி

காலைப் பொழுது புலர்ந்ததும் நம் இல்லங்கள் பலவற்றில் முதலில் எழுவது காப்பியின் மணம். பில்டரின் மேல் பாத்திரத்தில் தூளை இட்டுக் கொதிநீரை ஊற்றி மூடி வைக்கிறோம். டிகாக்ஷன் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்குகிறது. அது பாலோடும் சர்க்கரையோடும் சேர்ந்து, டபராவில் ஆற்றப்பட்டு, டம்ளரில் நுரை பொங்க நம் கைக்கு வருகிறது. மேலே தங்கிவிட்ட சக்கை மட்டும் குப்பைக் கூடைக்குப் போகிறது. அல்லது கழுவும்போது சாக்கடையில் இறங்கிக் குழாயை அடைக்கிறது.

தோழியரே! நாம் வாங்கிய காப்பித் தூளில் எவ்வளவு நம் டம்ளருக்கு வந்தது, எவ்வளவு குப்பைக்குப் போயிற்று என்று என்றாவது எண்ணிப் பார்த்ததுண்டா? தூளில் நீரில் கரைந்து வருவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரைதான். எஞ்சிய முக்கால் பங்கும் அதற்கு மேலும் சக்கையாகவே நின்றுவிடுகிறது. குடகிலும் சிக்மகளூரிலும், நம் ஏற்காட்டிலும் கொடைக்கானல் மலைச் சரிவுகளிலும் நிழல் மரங்களின் கீழ் விளைந்து, கையால் பறிக்கப்பட்டு, காய்ந்து, வறுபட்டு, அரைபட்டு வந்த ஒரு பொருளின் பெரும்பகுதியை ஒரே ஒரு முறை நனைத்துவிட்டு எறிந்து விடுகிறோம்!

உலகம் முழுவதிலும் ஓராண்டில் விளையும் காப்பிக் கொட்டை ஏறத்தாழ 1 கோடி டன். ஒரு டன் பச்சைக் கொட்டையிலிருந்து சுமார் 650 கிலோ சக்கை கிடைக்கும் என்பது அறிஞர் கணக்கு. ஆகவே ஆண்டுதோறும் 60 லட்சம் டன்னுக்கு மேல் காப்பிச் சக்கை சேருகிறது. நகரங்களில் இதில் பெரும்பகுதி குப்பை மேடுகளுக்கே போகிறது. அங்கே மற்ற குப்பைகளின் அடியில் காற்றுப் படாமல் அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், பூமியைச் சூடாக்குவதில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு வலிமையுடையது. எனவே, "ஒரு கைப்பிடிச் சக்கைதானே!" என்று நாம் எறிவது அப்படியொன்றும் சிறிய செய்தியன்று.

இச்சக்கையை விறகாக, டீசலாக, கரியாக, உரமாக, கோப்பையாகக்கூட மாற்றலாம் என்று அறிவியல் அறிஞர்கள் செய்து காட்டியுள்ளனர். ஆனால் 'மாற்றலாம்' என்பது வேறு; 'மாற்றுவது பயன் தருமா?' என்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சக்கையில் என்ன இருக்கிறது?

காப்பிக் கொட்டை ஒரு விதை. முளைக்கப் போகும் செடிக்கு வேண்டிய உணவை இயற்கை அதற்குள் சேமித்து வைத்திருக்கிறது. கொதிநீர் அவற்றில் கரையக் கூடியவற்றை மட்டுமே எடுத்துச் செல்கிறது. நிறம், மணம், கசப்பு, காபீனின் பெரும்பகுதி, அமிலங்கள் ஆகியவை டிகாக்ஷனோடு போய்விடுகின்றன. நீரில் கரையாதவை அப்படியே நிற்கின்றன.

நன்கு உலர்ந்த சக்கையில் ஏறத்தாழப் பாதி, செல்லுலோஸ் வகையைச் சேர்ந்த நார்ப்பொருள். அத்துடன் மரத்திற்கு உறுதி தரும் லிக்னின் இருக்கிறது. புரதம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உண்டு. யாவற்றிலும் வியப்பானது எண்ணெய். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது நாம் அறிந்ததே. அதனால்தான் கொதிநீர் ஊற்றியும் எண்ணெய் வெளியேறாமல் சக்கையிலேயே தங்குகிறது. உலர்ந்த சக்கையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை எண்ணெய் உண்டு.

இங்கு ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். நம் ஊரில் விற்கும் தூள் பலவற்றில் சிக்கரி கலந்திருக்கிறது. சட்டப்படி, கலவைத் தூளில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. ஆகவே சிக்கரி 49 விழுக்காடு வரை இருக்கலாம். சிக்கரி விதையன்று, வேர். அதில் எண்ணெய் மிகக் குறைவு. நீரில் கரைவதோ மிகுதி. எனவே சிக்கரி கலந்த தூளின் சக்கையில், தனிக் காப்பியின் சக்கையில் உள்ள அளவு எண்ணெயை எதிர்பார்க்க இயலாது. வெளிநாட்டு ஆராய்ச்சியின் எண்களை நம் வீட்டுச் சக்கைக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது என்பதற்கு இதுவே சான்று.

ஈரம் என்னும் எதிரி

சக்கையைப் பயன்படுத்தும் வழிகளில் எளியது எரிப்பது. உலர்ந்த காப்பிச் சக்கை ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 5,000 கிலோ கலோரி வெப்பம் தரும். காற்றில் உலர்ந்த விறகு தருவதைவிட இது மிகுதி. காரணம் அதிலுள்ள எண்ணெயும் லிக்னினுமே.

ஆனால் பில்டரிலிருந்து எடுத்த சக்கை உலர்ந்திருப்பதில்லை. அதன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ ஈரச் சக்கையில் 600 கிராம் நீரும் 400 கிராம் உலர்ந்த பொருளும் இருப்பதாகக் கொள்வோம். 400 கிராம் பொருள் எரிந்தால் கிடைப்பது 2,000 கிலோ கலோரி. இனி நீரின் கணக்கைப் பார்ப்போம். 30 பாகையில் உள்ள 600 கிராம் நீரை 100 பாகைக்குக் கொண்டுவர 42 கிலோ கலோரி வேண்டும். ஒரு கிராம் நீரை ஆவியாக்க 540 கலோரி வேண்டும் என்று நம் இயற்பியல் பாடத்தில் படித்திருக்கிறோம். 600 கிராமுக்கு 324 கிலோ கலோரி. ஆக மொத்தம் 366 கிலோ கலோரி. அதாவது கிடைக்கும் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானதை நீரே விழுங்கிவிடுகிறது.

"மீதி நான்கு பங்கு கிடைக்குமே!" என்று நீங்கள் சொல்லலாம். காகிதக் கணக்கில் கிடைக்கும், அடுப்பில் கிடைக்காது. ஈரப் பொருள் எளிதில் பற்றாது. பற்றினாலும் நீராவியாதல் சுடரைக் குளிர்விக்கிறது. எரிய வேண்டிய வாயுக்கள் எரியாமல் புகையாக வெளியேறுகின்றன. மழைக்காலத்தில் நனைந்த விறகோடு போராடிய பாட்டிமாரைக் கேட்டால் இதன் உண்மை விளங்கும். ஆகவே சக்கையை எரிபொருளாக்கும் எவரும் முதலில் விடை காண வேண்டிய கேள்வி, "இதை எதைக் கொண்டு உலர்த்துவது?" என்பதுதான். வெயிலில் உலர்த்தினால் செலவில்லை. மின்சாரத்தாலோ எரிவாயுவாலோ உலர்த்தினால், ஒரு கையால் பெற்று மறு கையால் கொடுத்த கதையாகிவிடும். மேலும் ஈரச் சக்கையை இரண்டு மூன்று நாள் மூடி வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். ஆகவே உலர்த்துவதில் தாமதமும் கூடாது.

விறகுக் கட்டையாகும் தூள்

தூளை எரிப்பதற்கு நம்மவர் அறியாத முறையில்லை. சாணத்தை வரட்டியாகத் தட்டினர். கரித்தூளோடு களிமண்ணோ சாணமோ பிசைந்து கரி உருண்டை பிடித்துக் குமுட்டி அடுப்பில் இட்டனர். மரத்தூளை நடுவில் துளை விட்டு இறுக்கி அடைத்து மரத்தூள் அடுப்பில் எரித்தனர். இவற்றின் தத்துவம் ஒன்றே. தூளாகக் கிடப்பது காற்றில் பறக்கும், அல்லது அடைந்துபோய்ப் புகையும். அதை இறுக்கி உருக் கொடுத்தால் நின்று நிதானமாக எரியும். உலர்ந்த காப்பிச் சக்கையையும் அவ்வாறே அழுத்திக் கட்டையாக்கலாம். சிறு சிறு குச்சிகளாகவும் ஆக்கலாம்.

காப்பி ஒரு நாட்டின் எரிபொருளாகவே ஆன காலமும் உண்டு. 1929ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் பிரேசில் நாட்டில் காப்பி விலை சரிந்தது. விலையை நிறுத்த வேண்டி, 1931 முதல் 1944 வரை ஏறத்தாழ 7 கோடியே 80 லட்சம் மூட்டைக் காப்பிக் கொட்டையை அந்நாட்டு அரசு அழித்தது. ஒரு மூட்டை 60 கிலோ. அதில் ஒரு பகுதி ரயில் எஞ்சின்களிலும் எரிக்கப்பட்டது. குடிக்க வேண்டியதையே எரித்த அந்நிகழ்ச்சி வேதனைக்குரியது. குடித்த பின் எஞ்சியதை எரிப்பதோ விவேகம்.

இவ்விவேகத்தை நெடுங்காலமாகக் கைக்கொண்டவை உடனடிக் காப்பித் தூள் செய்யும் ஆலைகள். அங்கே காப்பியைப் பெரிய கலங்களில் வடித்து, வடிநீரை மட்டும் உலர்த்திப் பொடியாக்குகிறார்கள். எனவே மலை போல் சக்கை ஒரே இடத்தில் சேர்ந்துவிடுகிறது. அதைப் பிழிந்து, உலர்த்தி, அதே ஆலையின் கொதிகலனில் எரித்து நீராவி எடுக்கிறார்கள். நெஸ்லே நிறுவனத்தின் ஆலைகள் பலவற்றில் இம்முறை உண்டு. சேகரிக்க லாரி வேண்டாம். விற்கக் கடை வேண்டாம். கொதிகலனிலிருந்து வெளியேறும் சூடான புகையைக் கொண்டே அடுத்த நாள் சக்கையை உலர்த்தலாம். கணக்கு இங்கே நேராகிவிடுகிறது.

எண்ணெயும் டீசலும்

ருடால்ஃப் டீசலின் பெயர் தாங்கிய எஞ்சின் ஒன்று 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. தாவர எண்ணெயில் டீசல் எஞ்சின் ஓடும் என்பது ஆகவே புதுச் செய்தியன்று. உணவுக்குரிய எண்ணெயை எஞ்சினுக்கு ஊற்றலாமா என்பதுதான் கேள்வி. காப்பிச் சக்கையின் எண்ணெய்க்கு அந்தக் குறையில்லை. அதை யாரும் உண்பதில்லை.

2008ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரெனோ நகரிலுள்ள நெவாடா பல்கலைக்கழக அறிஞர்கள் மூவர், காப்பிக் கடைகளின் சக்கையைத் திரட்டி இவ்வாராய்ச்சியைச் செய்தனர். கொண்டமுடி, மொஹபாத்ரா, மிஸ்ரா என்னும் அவர்தம் பெயர்களே அவர்கள் இந்திய வழியினர் என்பதைச் சொல்லும். சக்கையை உலர்த்தி, எண்ணெயைக் கரைக்கவல்ல திரவத்தில் ஊறவைத்து, எண்ணெயைப் பிரித்தெடுத்தனர். பின்னர் அதைப் பயோ டீசலாக மாற்றினர். காப்பியில் இயல்பாகவே உள்ள சில பொருள்கள் எண்ணெய் சிக்குப் பிடிக்காமல் காப்பதால், இந்த டீசல் நெடுநாள் கெடாமல் இருந்தது. எண்ணெய் எடுத்த பின்னும் எஞ்சிய சக்கையை எரிபொருளாகவோ உரமாகவோ கொள்ளலாம் என்றும் அவர்கள் காட்டினர்.

எண்ணெய் எவ்வாறு டீசலாகிறது? எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறும், ஒரு கிளிசரின் தண்டில் மூன்று நீண்ட கொழுப்பு அமிலக் கிளைகள் தொங்குவது போன்ற அமைப்புடையது. அதனால் அது தடித்து, கொழகொழவென்று இருக்கிறது; எஞ்சினின் நுண்துளையில் எளிதில் தெளிக்காது. அதனோடு மெத்தனாலையும், வினையை விரைவுபடுத்தச் சிறிதளவு பொட்டாசியம் ஹைட்ராக்சைடையும் சேர்த்துச் சூடாக்கினால், கிளைகள் தண்டிலிருந்து கழன்று மெத்தனாலோடு சேர்கின்றன. அதுவே பயோ டீசல். மெல்லியது, நன்கு எரிவது. கழன்ற கிளிசரின் கனமாதலால் அடியில் தங்கும். நூறு கிலோ எண்ணெய்க்குப் பத்துக் கிலோ அளவில் கிளிசரின் கிடைக்கும். அது சோப்புக்கும் மருந்துப் பொருள்களுக்கும் பயன்படும்.

ஆர்வமுள்ள தோழியர் எவரும் இதை வீட்டில் செய்து பார்க்க முனைய வேண்டாம். மெத்தனால் கொடிய நஞ்சு, எளிதில் தீப்பற்றுவது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும். இது தக்க ஆய்வுக்கூடத்தின் வேலை.

செய்ய முற்பட்டாலும் கிடைக்கப் போவது எவ்வளவு? ஒரு குடும்பம் நாள்தோறும் சிக்கரி சேராத தூள் 50 கிராம் போடுகிறது என்று கொள்வோம். உலர்ந்த சக்கை 40 கிராம். ஆண்டுக்கு 14 கிலோ 600 கிராம். நூற்றுக்கு 12 பங்கு எண்ணெய் என்றால் ஓராண்டு முழுவதற்கும் ஒன்றே முக்கால் கிலோ! ஒரு வீட்டின் சக்கை வண்டி ஓட்டாது. பல்லாயிரம் வீடுகளின், கடைகளின் சக்கை ஒன்று சேர வேண்டும்.

லண்டன் நகரம் தந்த பாடம்

அப்படி ஒன்று சேர்க்க முயன்ற கதை இங்கிலாந்தில் நடந்தது. லண்டனில் கட்டடக் கலை பயின்ற ஆர்தர் கே என்னும் இளைஞர், 2013ஆம் ஆண்டில் பயோ-பீன் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். காப்பிக் கடைகள், அலுவலகங்கள், ஆலைகள் ஆகியவற்றிலிருந்து சக்கையை லாரிகளில் திரட்டிக் கேம்பிரிட்ஜ்ஷயரிலுள்ள தொழிற்சாலையில் உலர்த்தி, குளிர்காய்வதற்கான அடுப்புக் கட்டைகளைச் செய்தனர். 2017 நவம்பரில் ஷெல் நிறுவனத்துடன் சேர்ந்து, காப்பி எண்ணெய் கலந்த டீசலை லண்டன் பேருந்துகளின் எரிபொருளில் சேர்த்தனர். அந்த டீசலில் நூற்றுக்கு 20 பங்கு உயிரி எரிபொருள். அதில் ஒரு பகுதி காப்பி எண்ணெய். அப்போது தயாரான காப்பி எண்ணெய் 6,000 லிட்டர். கலந்து ஓட்டினால் ஒரு பேருந்துக்கு ஓராண்டு வரும் என்றனர். உலகப் பத்திரிகைகள் யாவும் வியந்து எழுதின.

வியப்பை ஒருபுறம் வைத்து நாம் கணக்கைப் பார்ப்போம். 6,000 லிட்டர் எண்ணெயின் எடை ஐந்தரை டன் அளவு. நூற்றுக்கு 12 பங்கு எண்ணெய் என்றால், அதற்கு வேண்டிய உலர்ந்த சக்கை ஏறத்தாழ 46 டன். ஈரத்தோடு எடுத்து வந்தால் 115 டன். பத்து டன் லாரியில் பதினொன்று, பன்னிரண்டு சுமை. ஒரு பேருந்து ஓராண்டு ஓடுவதற்கு 25 லட்சத்து 50 ஆயிரம் கோப்பைக் காப்பியின் சக்கை வேண்டும் என்று அந்நிறுவனமே கணக்குத் தந்தது. அதுவும் டீசலோடு கலந்து ஓட்டினால்தான்!

தெருத் தெருவாகக் கடை கடையாகச் சென்று, சக்கையோடு காகிதக் கோப்பையும் பிளாஸ்டிக் மூடியும் கலவாமல் பிரித்து எடுத்து, பாதிக்கு மேல் தண்ணீரையே சுமந்து வந்து, உலர்த்தி, பிறகுதான் பொருளாக்க வேண்டும். இத்தனை செலவுக்கும் பின் விற்கும் விலை ஈடுகொடுக்க வேண்டும். பத்தாண்டு நடந்த அந்நிறுவனம் 2023ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் வென்ற ஒன்று, அங்காடியிலும் வென்றே தீரும் என்று உறுதி சொல்ல முடியாது என்பதை இது காட்டுகிறது. ஆயினும் அம்முயற்சி வீணன்று. சக்கையைத் தனியே சேர்த்துக் கொடுக்கும் பழக்கத்தை ஆயிரக்கணக்கான கடைகளுக்கு அது கற்பித்தது. எந்தக் கழிவுக்கும் முதல் படி அதுதானே!

கரியும் கோப்பையும் காளானும்

எரித்துத் தீர்ப்பதைவிட, நிலைத்த பொருளாக்குவது மேல் என்று எண்ணுவோரும் உண்டு. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலுள்ள ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தினர் 2023ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். சக்கையைப் பிராணவாயு இல்லாமல் 350 பாகை வெப்பத்தில் சூடாக்கினால் அது எரியாமல் கரியாகிறது. கான்கிரீட்டில் இடும் மணலில் 15 விழுக்காட்டை எடுத்துவிட்டு அதற்குப் பதில் இக்கரியைச் சேர்த்தபோது, கான்கிரீட்டின் வலிமை ஏறத்தாழ 30 விழுக்காடு கூடிற்று. கரியாக்காமல் சக்கையை அப்படியே கலந்தாலோ, அதிலிருந்து கசியும் பொருள்கள் சிமெண்ட் இறுகுவதைத் தடுத்து வலிமையைக் குறைத்துவிடும். ஆற்று மணலை அள்ளி அள்ளி ஆறுகளையே இழந்து வரும் நமக்கு இச்செய்தி முக்கியமானதன்றோ?

ஜெர்மனியின் பெர்லின் நகரில் 2015 முதல், காப்பிச் சக்கையைத் தாவரப் பசைகளோடு சேர்த்து அச்சில் அழுத்திக் கோப்பையும் தட்டும் செய்து விற்கிறார்கள். காப்பியில் செய்த கோப்பையில் காப்பி! தைவான் நாட்டில் சிங்டெக்ஸ் என்னும் ஆலையார், சக்கையை மிக நுண்ணிய தூளாக்கி இழையில் சேர்த்துத் துணி நெய்கிறார்கள். கரியைப் போலவே அதன் நுண்துளைகளும் நாற்றத்தை உறிஞ்சிக் கொள்வதால் விளையாட்டு உடைகளுக்கு அது ஏற்றதாகிறது.

சிப்பிக் காளானும் இச்சக்கையில் நன்கு வளரும். கொதிநீர் பட்டதால் சக்கையில் கிருமிகள் குறைவு, சத்தும் உண்டு. வெட்டிய வைக்கோலோடு கலந்து காளான் வித்தை இட்டு வளர்க்கலாம். ஆனால் அன்றைய சக்கையை அன்றே பயன்படுத்த வேண்டும்; தாமதித்தால் காளானுக்கு முன் பச்சைப் பூஞ்சை குடியேறிவிடும்.

செடிக்கு இடலாமா?

வீட்டில் நாம் செய்யக் கூடியது என்ன என்று கேட்பீர்கள். "காப்பிச் சக்கையை ரோஜாச் செடிக்குப் போடு" என்பது பல வீடுகளில் வழங்கும் அறிவுரை. அதில் பாதி உண்மையே இருக்கிறது. சக்கையில் நூற்றுக்கு 2 பங்கு அளவில் நைட்ரஜன் உண்டு. அது செடிக்கு நல்ல உணவே. ஆனால் அந்த நைட்ரஜன் புரதத்தினுள் கட்டுண்டு கிடக்கிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்த பின்னரே வேர்கள் உண்ண முடியும். சிதைக்கும் காலத்தில் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள நைட்ரஜனையும் தமக்கே எடுத்துக் கொள்கின்றன. சக்கையில் எஞ்சிய காபீன் முதலியவையும் இளஞ்செடியின் வளர்ச்சியைத் தடுக்கக் கூடியவை.

2016ஆம் ஆண்டில் மெல்போர்னில் வெளியான ஆராய்ச்சி ஒன்று இதைத் தெளிவாக்கியது. பிராக்கோலி, முள்ளங்கி, சூரியகாந்தி உள்ளிட்ட ஐந்து வகைச் செடிகளுக்குப் பச்சைச் சக்கையை நேராக இட்டுப் பார்த்தனர். வளர்ச்சி மிகவும் குன்றியது. மேலும் தொட்டியின் மேற்பரப்பில் கனமாகப் பரப்பிய சக்கை காய்ந்து ஆடை போல் இறுகிவிடும். ஊற்றும் நீர் உள்ளே இறங்காது.

ஆகவே சக்கையை முதலில் மட்க வைக்க வேண்டும். காய்ந்த இலைச் சருகு, காய்கறித் தோல் ஆகியவற்றோடு கலந்து, குவியலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் சக்கையைச் சேர்த்து, ஈரம் காத்து, வாரம் ஒரு முறை கிளறிவிட்டால், சில மாதங்களில் மண் மணம் கமழும் கறுப்பு உரம் கிடைக்கும். காற்றுப் படும்படி கிளறுவதால் மீத்தேனும் உண்டாகாது. உலர்த்தும் செலவு இல்லை, லாரி இல்லை, நஞ்சான திரவங்கள் இல்லை. சக்கையில் உள்ள ஈரம், எரிப்பவர்க்கு எதிரியாக இருந்தது. உரம் செய்பவர்க்கோ அதுவே நண்பன்!

நாமே செய்து பார்ப்போம்

நம் அறிவியல் மன்றத்தில் செய்வதற்கு எளிய சோதனைகள் இரண்டு சொல்கிறேன்.

முதலாவது: பில்டரிலிருந்து எடுத்த சக்கையை 100 கிராம் நிறுத்து எடுத்துக் கொள்ளுங்கள். ஒரு தட்டில் மெல்லப் பரப்பி வெயிலில் வையுங்கள். நாள்தோறும் மாலையில் நிறுத்து எழுதி வாருங்கள். எடை மேலும் குறையாமல் நின்றதும் கணக்கிடுங்கள். குறைந்த எடையே அதிலிருந்த நீர். வெயில் நாளிலும் மேகமூட்டமான நாளிலும் செய்து ஒப்பிடுங்கள். சூரியன் கூலி கேளாமல் எவ்வளவு வேலை செய்கிறான் என்பது எண்களால் விளங்கும்.

இரண்டாவது: ஒரே அளவான மூன்று தொட்டிகளில் ஒரே மண்ணை நிரப்புங்கள். ஒன்றில் மண் மட்டும்; இன்னொன்றில் நான்கில் ஒரு பங்கு பச்சைச் சக்கை; மூன்றாவதில் அதே அளவு மட்கிய உரம். மூன்றிலும் இருபது இருபது வெந்தயம் விதைத்து, ஒரே அளவு நீர் விடுங்கள். முளைத்தவை எத்தனை, உயரம் எவ்வளவு என்று இரண்டு வாரம் குறித்து வாருங்கள். யாரோ சொன்னதை நம்புவதற்கும், கண்ணால் கண்டு தெளிவதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த மூன்று தொட்டிகளே கற்பிக்கும்.

முடிவுரை

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பர் நம் முன்னோர். துரும்பு உதவும் என்பது உண்மை. ஆனால் பல் குத்தத்தான் உதவும், தூணாக நிற்க உதவாது. எந்தப் பொருளுக்கும் அதற்கேற்ற இடம் ஒன்று உண்டு. மலை போல் சக்கை ஒரே இடத்தில் குவியும் ஆலையில் அதை எரித்து நீராவி எடுப்பது அறிவுடைமை. நூற்றுக்கணக்கான ஓட்டல்கள் நெருங்கியுள்ள நகரத்தில், பிரித்துச் சேர்க்கும் ஒழுங்கு அமைந்தால், எண்ணெயும் கரியும் எடுக்கலாம். ஒரு கைப்பிடி சேரும் வீட்டில் சருகோடு சேர்த்து மட்க வைப்பதே சிறந்தது. அளவு மாறினால் வழியும் மாற வேண்டும்.

நாளை உங்களில் சிலர் வேதியியல் பயில்வீர்கள். சிலர் பொறியியல் கற்பீர்கள். சிலர் தொழில் நடத்துவீர்கள். சிலர் நகராட்சி மன்றத்தில் அமர்ந்து ஊர்க் குப்பையைப் பற்றி முடிவு செய்வீர்கள். "இக்கழிவிலிருந்து பொன் எடுக்கலாம்" என்று யாரேனும் உங்களிடம் வந்து சொன்னால், நகைக்கவும் வேண்டாம், உடனே நம்பிவிடவும் வேண்டாம். எவ்வளவு கிடைக்கும், எங்கே சேரும், யார் பிரிப்பார், எதனால் உலரும், என்ன செலவாகும் என்னும் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். ஐந்துக்கும் நேரான விடை கிடைத்தால் துணிந்து இறங்குங்கள்.